பல்லக்காவின் சனிக்கிழமைப் பட்டியல்

அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தவர் பேக்கரி அண்ணன். பல் செட் செய்கிற அக்கா, அதனால் பல்லக்கா. ஃபோனில் அவர்கள் சேர்ந்து நடத்திய பாட்டு ரசிகர் குழுவில் முதன்முதலாக அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். தினமும் நாலு பேரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர் என்பதால் பட்டப்பெயரெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "நல்லாத்தானே இருக்கு, பல்லக்குல உக்கார வெச்ச மாதிரி" என்றார். அப்படி யோசித்துப் பார்த்ததும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. போகப் போக, சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஒரு நீள அறை. அங்கேதான் அவளுக்கு வேலை. நோயாளிகள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். முன்பக்கத்தில் டாக்டர்கள் எடுத்த அச்சுகள் சின்னச் சின்ன டப்பாக்களில் வந்து சேரும். அதில் மாவுக் கரைசலை ஊற்றி, இறுகியதும் பிரித்து எடுத்தால் யாரோ ஒருவருடைய வாய் கைக்கு வந்துவிடும். எந்தப் பல் போயிற்று, எந்தப் பல் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் அதிகம் மெல்லுகிறார், எல்லாம் தெரியும். முகம் மட்டும் தெரியாது. மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கான் பூசி, உலையில் வைத்து எடுத்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கறா, வீட்டுக்கு வந்தா உம்முன்னு இருக்கா" என்பது வீட்டுக்காரர் உறவுக்காரர்களிடம் வழக்கமாக அடிக்கும் ஜோக்.

உம்மென்று இருந்தது கோபத்தினால் அல்ல. அவள் காதுக்குள் எந்நேரமும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேலை மேஜையில் உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டுவாள். தேய்க்கிற மெஷினை ஓட்ட வேண்டி வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, தேய்த்து முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து போடுவாள். இரைச்சலுக்கு நடுவில் பாட்டுக் கேட்பது, பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுவதைப் போல என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

கேட்டதெல்லாம் ஒரே ஒரு சினிமா இசையமைப்பாளருடைய பாட்டுகள். குழுவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பாட்டுகளுக்கும் அவர்களாகவே செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ரயில் பாட்டு, படகுப் பாட்டு, மழைப் பாட்டு, தாலாட்டு. முதல் வரியைச் சொல்லிப் பாட்டைக் குறிப்பிட்டால் அவர் குழுவுக்குப் புதுசு என்று அர்த்தம்.

சனிக்கிழமைப் பட்டியல் ஒரு சண்டையில்தான் பிறந்தது. மாஸ்டரின் பாட்டுகளிலேயே உசத்தி எது என்று பேக்கரி அண்ணனும் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஒருவரும் வாரக்கணக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் பல்லக்கா சில பாட்டுகளை வரிசைப்படுத்திப் போட்டு, இதில் எல்லாவற்றிலும் எங்கேயோ ஓரிடத்தில் யாரோ சிரிக்கிறார்கள், எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்று எழுதினாள். குழு கப்சிப் ஆகிவிட்டது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் சிரிப்புகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. ஒரு பாட்டில் அவளே கவனிக்காத இன்னொரு சிரிப்பையும் யாரோ கண்டுபிடித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே, நாளைக்கு லிஸ்ட் உண்டா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அது நிற்கவே இல்லை. புல்லாங்குழல் ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பாட்டுகள். பாடகி ஒரே மூச்சில் முழுச் சரணத்தையும் பாடிவிடும் பாட்டுகள். இரண்டாவது இடையிசை முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் பாட்டுகள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே இரண்டு மூன்று வரிக் குறிப்பு எழுதுவாள். எங்கே காதை வைக்க வேண்டும், அங்கே என்ன நடக்கிறது என்று. பேக்கரி அண்ணன் அதிகாலையில் ரொட்டி அடுப்பிலிருந்து தட்டுகளை இழுக்கும்போது கேட்பார். டிரைவிங் ஸ்கூல்காரர், மாணவர்கள் கிளட்ச்சை எசகுபிசகாக விடும்போது மனசைக் கட்டுப்படுத்திக்கொள்ளக் கேட்பதாகச் சொன்னார்.

குழுவில் ஓர் அம்மாள் இருந்தார். பெயருக்குப் பக்கத்துப் படத்தில் முகத்துக்குப் பதில் திரை போட்ட ஒரு ஜன்னல். எதிலும் கலந்துகொள்ள மாட்டார். சனிக்கிழமைதோறும் பட்டியல் வந்த கொஞ்ச நேரத்தில் "நன்றி" என்று ஒரு சொல் போடுவார். அவ்வளவுதான். மற்றவர்கள் அவரை ஜன்னலம்மா என்றார்கள். அப்படி ஒருவர் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு சனிக்கிழமை, வயலின் தொடங்கிவைக்கும் பாட்டுகள் என்று பட்டியல் போட்டாள் பல்லக்கா. மூன்றாவதாகப் படகுப் பாட்டு. வயலின்கள் கூட்டமாகக் கிளம்பும் அந்தத் தொடக்கத்தைப் பற்றி மனம் நிறைய எழுதியிருந்தாள். நன்றிக்குப் பிறகு முதன்முறையாக ஜன்னலம்மாவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

"படகுப் பாட்டு வயலின்ல ஆரம்பிக்கல. அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இருக்கு. வயலின் வாசிக்கறவங்கள்ல யாரோ ஒருத்தர் மூக்கால மூச்சு இழுப்பார். அந்த மூச்சுக்குத்தான் மத்தவங்க எல்லாரும் ஒண்ணா வில்லை வைப்பாங்க."

பேக்கரி அண்ணன் விடவில்லை. நானூறு தடவை கேட்டிருக்கிறேன், அப்படி எதுவும் கிடையாது என்றார். இன்னும் இரண்டு பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பல்லக்கா திங்கட்கிழமை மத்தியானம், சக ஊழியர்கள் சாப்பிடப் போனதும், உலையை அணைத்தாள். காற்றாடியை நிறுத்தினாள். கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு படகுப் பாட்டைப் போட்டாள்.

இருந்தது. மெல்லிசாக, அவசரமே இல்லாமல், ஒரு மனிதர் மூச்சை உள்ளே இழுத்தார். உடனே வயலின்கள் எழுந்தன.

சிறு வயதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அது. அந்தக் கூட்டத்துக்குள் இத்தனை காலமும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், அவளுக்குத் தெரியவே இல்லை. மறுபடி போட்டாள். மறுபடி இழுத்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.

மூச்சு உண்டு, நானே கேட்டேன் என்று குழுவில் எழுதினாள். கொஞ்ச நேரத்தில் பேக்கரி அண்ணனும் கேட்டுவிட்டார். தோற்றதில் அவருக்கு வருத்தமில்லை, வாய் பிளந்துபோயிருந்தார் என்பது எழுத்திலேயே தெரிந்தது. ஜன்னலம்மாவிடம், நீங்கள் என்ன ஹெட்போன் வைத்திருக்கிறீர்கள், நானும் அதையே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டார்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்று பதில் வந்தது. "கேக்காமப் போய் ரொம்ப வருஷமாச்சு."

பேக்கரி அண்ணன் தன் ஹெட்போன் கேள்வியை அழித்துவிட்டார்.

மறுநாள் பல்லக்கா ஜன்னலம்மாவுக்குத் தனியாக எழுதினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், உங்களைத் தொந்தரவு செய்கிறேனா என்று மட்டும் கேட்டாள். தொந்தரவே இல்லை என்று தொடங்கி, ஒரு பெரிய ஆறு உடைத்துக்கொண்டதைப் போல ஜன்னலம்மா எழுதித் தள்ளினார். நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிறவர் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காய்ச்சல் கண்டு மூளை வரை ஏறியிருக்கிறது. பிழைத்து எழுந்தபோது இரண்டு காதும் போய்விட்டன. கருவி வைத்தும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் அவரும் மாஸ்டர் பைத்தியம்தான். கேசட் நாடா தேய்ந்து இழைகிற வரை கேட்டவர்.

காது போன முதல் சில வருஷங்கள் பாட்டெல்லாம் தலைக்குள் பத்திரமாக இருந்ததாம். நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் ஓடவிடுவாராம். பிறகு ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கியது. ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தைக் காணோம். இன்னொன்றில் இடையிசை வரவேண்டிய இடத்தில் வெறும் அமைதி. இப்படியே எல்லாம் போய்விடுமோ என்று பயந்துகிடந்த காலத்தில்தான் யாரோ இந்தக் குழுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"மழைப் பாட்டுல ரெண்டாவது சரணம் முடியற இடத்துல மணி ஒண்ணு அடிக்கும்னு ஒரு லிஸ்ட்ல எழுதியிருந்தீங்க" என்று ஜன்னலம்மா எழுதினார். "அந்த மணி எனக்கு மறந்தே போயிருந்துச்சு. நீங்க எழுதினதைப் படிச்சேன். அடிச்சுது. நான் அன்னிக்கு ஆபீஸ்ல இருந்தேன், எழுந்து வெளியில போயிட்டேன். சனிக்கிழமையானா நானும் எல்லார் மாதிரியும் லிஸ்ட்டைக் கேக்கறேன். எனக்கு ஹெட்போன் வேண்டாம், அவ்வளவுதான்."

பல்லக்கா அதைப் படித்தபோது கையில் பாதி செதுக்கிய மெழுகுப் பல் இருந்தது. விரல் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் இழப்பதை அவள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு பட்டியல் எழுதுவது பழைய மாதிரி சுலபமாக இல்லை. இதுவரை 'அருமை', 'உருக்கம்', 'சொல்ல வார்த்தையில்லை' என்றெல்லாம் கை போன போக்கில் எழுதியிருந்தாள். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஜன்னலம்மா என்ன செய்வார்? ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் பாட்டைப் பத்துத் தடவை கேட்டாள். கேட்கக் கேட்கப் பாட்டுகள் உள்ளே உள்ளே அறைகளாகத் திறந்துகொண்டு போயின. தெரிந்த வீட்டில் இத்தனை அறைகள் இருந்ததா என்று திகைத்துப்போனாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளை உறுத்தியது. காய்ச்சலுக்குப் பிறகு மாஸ்டர் போட்ட பாட்டுகள் ஜன்னலம்மாவுக்குத் தெரியாது. பட்டியலில் அப்படி ஒரு பாட்டு வந்தால் அவர் அதைத் தாண்டிப் போய்விடுவாராம். அதில் ஒன்று மாடிப்படிப் பாட்டு. காலி செய்ய வேண்டிய வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பெண் பாடுவது. மாஸ்டரின் பின்காலப் பாட்டுகளில் அதற்கு ஈடு இல்லை என்று சண்டைக்காரர்கள் இரண்டு பேருமே ஒத்துக்கொள்வார்கள். குழுவில் வாரம் ஒரு தடவையாவது அதன் பேச்சு வரும். ஜன்னலம்மா அதையெல்லாம் படித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை.

பல்லக்கா அந்தப் பாட்டை அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இரண்டு பக்கத்துக்கு எழுதினாள். எழுதி முடித்ததும் கண் கலங்கியது. வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள். அவருக்குப் பாட்டு ஞானம் அறவே கிடையாது. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான் என்கிற கட்சி. கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ எப்படி அழுதேன்னு இருக்கு. பாட்டு எங்க இருக்கு?" என்றார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஒரு மேல்தாடை அச்சில் விழுந்துபோன முன்பல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று பட்டது. அந்த ஆளின் சொந்தப் பல் எப்படி இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் இருக்கும் பற்களைப் பார்த்துத்தான் செய்கிறாள். ஜன்னலம்மாவிடமும் பாட்டுகள் இருக்கின்றனவே. நூற்றுக்கணக்கில், மூச்சு முதற்கொண்டு.

பழைய பாட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் புதிய பாட்டைச் சேர்த்துக் கட்ட முடியுமா என்று அன்றைக்குத் தேடத் தொடங்கினாள்.

தாளம் முதலில் பிடிபட்டது. ரயில் பாட்டின் தாளம்தான் அது, கொஞ்சம் மாற்றத்தோடு. எத்தனையோ வருஷம் கேட்ட பிறகு இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, மாடிப்படிப் பாட்டில் நாலாவது அடி இல்லை. மாஸ்டர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். கேட்கிறவர்கள் மனசு அந்த அடியைத் தானே அடித்துக்கொண்டது. அதைக் கண்டுபிடித்த அன்று வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது தொடையில் தாளம் போட்டுப் போட்டுப் பார்த்து, நாலாவது தட்டில் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். மெட்டுக்குத் தாலாட்டும் மழைப் பாட்டும் கை கொடுத்தன.

முட்டுக்கட்டையாக நின்றது குரல்தான். மாடிப்படிப் பாட்டைப் பாடியவர் ஜன்னலம்மாவின் காது போன பிறகு வந்த பாடகி. அவர் குரலை ஜன்னலம்மா கேட்டதே இல்லை. கேட்காத குரலை எதை வைத்துச் சொல்வது? வேறு வழியில்லாமல் குழுவில் கேட்டாள். ஜன்னலம்மாவைச் சேர்க்காமல் தனியாக ஒரு கிளைக்குழு தொடங்கி, விஷயத்தைச் சொல்லி, அந்தக் குரல் மாதிரி பழைய பாட்டுகளில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். வாரம் முழுக்க ஆளுக்கு ஆள் தேடினார்கள். தாலாட்டுப் பாடியவருக்கு ஜலதோஷம் பிடித்தால் அப்படித்தான் இருக்கும் என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். அவரைப் பேக்கரி அண்ணன் அடிக்காத குறையாக அடக்கினார்.

கடைசியில் கண்டுபிடித்ததும் பேக்கரி அண்ணன்தான். மழைப் பாட்டு முடியும்போது கோரஸ் மெல்ல மெல்ல அடங்கும். எல்லாக் குரலும் போன பிறகு, இடது காதுப் பக்கமாக ஒரே ஒரு பெண் குரல் கொஞ்சம் பிந்தி அடங்கும். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு நொடிகூட இராது. அதுதான், அதேதான் என்று எழுதியிருந்தார். எல்லோரும் ஓடிப் போய்க் கேட்டார்கள். யாருக்கும் மறுபேச்சு இல்லை. அந்தப் பாடகியே புதுசாக வந்த காலத்தில் அந்தக் கோரஸில் நின்றிருப்பாரோ என்றுகூட ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்கு விடை கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைப் பட்டியலின் தலைப்பு 'மாடிப்படிப் பாட்டு' என்று இருந்தது. ஆனால் பட்டியலுக்குள் அந்தப் பாட்டு இல்லவே இல்லை.

"ரயில் பாட்டோட தாளத்தை எடுத்துக்குங்க" என்று தொடங்கியிருந்தாள். "கிளம்பறப்ப வர்றது வேண்டாம், நிக்கப்போறப்ப வர்றது. அதுல நாலாவது அடியை மட்டும் எடுத்துடுங்க. அந்த இடம் காலியாவே இருக்கட்டும். இப்ப தாலாட்டோட பல்லவி. முதல் பாதி அப்படியே. கீழ இறங்கற இடம் வரும், அங்க இறங்காதீங்க. மழைப் பாட்டுல கோரஸ் ஏறுமே, அதுல ஏறுங்க. பாடறது யாருன்னா, மழைப் பாட்டு முடியறப்ப எல்லாரும் போனப்புறம் இடது பக்கம் ஒருத்தி நிக்கறா பாருங்க, அவளை முன்னாடி கூட்டிட்டு வாங்க. அவதான்."

இப்படியே பாட்டு முடிகிற வரை, பாட்டின் வரிகளையும் சேர்த்து எழுதியிருந்தாள். கடைசிக் குறிப்பு, படகுப் பாட்டின் பல்லவி முடிகிற மாதிரி முடியும் என்பது.

காது கேட்கிறவர்கள் அந்த வரிசையில் அந்தந்தத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பாட்டு ஒன்பது பாட்டுக்குள் ஒளிந்திருந்ததைப் பார்த்து ஆளாளுக்கு ஏதோ எழுதினார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மாணவரையும் கேட்க வைத்ததாகச் சொன்னார்.

ஜன்னலம்மா நன்றி போடவில்லை.

ஞாயிறும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமைப் பட்டியலுக்கும் சத்தமில்லை. பல்லக்கா, ஆறிப்போன புண்ணைக் கிளறிவிட்டோமோ, நம்மை யார் இதைச் செய்யச் சொன்னது என்று புலம்பினாள். வீட்டுக்காரர் ஷூவுக்கு பாலிஷ் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். "புதுப் பல்லு வாயில பொருந்தறதுக்கு நாளாகும்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்வே" என்றார். அவளுக்கு அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

குழுவினர் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் சந்திப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது என்பதால் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறைதான் இடம். அதற்கு நான் வருகிறேன் என்று ஜன்னலம்மாவிடமிருந்து செய்தி வந்தது.

சுவர் முழுக்கச் சாலை விதிப் பலகைகள் மாட்டிய அறை அது. பேக்கரி அண்ணன் கூடை நிறைய பன் கொண்டுவந்திருந்தார். நேரில் பார்த்தால் குழுவில் சத்தம் போடுகிற ஆளா இவர் என்று தோன்றும், அவ்வளவு கூச்ச சுபாவம். ஜன்னலம்மா கொஞ்சம் தாமதமாக வந்தார். ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய முடி, சட்டைப் பையில் இரண்டு பென்சில். பேசுகிறவர்களின் உதட்டை அப்படியே விழுங்குவது போலப் பார்த்தார். பல்லக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பேசியபோது குரல் தட்டையாக, தேவைக்குக் கொஞ்சம் அதிகச் சத்தமாக வந்தது.

"பதில் போடலைன்னு கோச்சுக்காதீங்க. கத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "பாடிக் காட்டறேன். எங்க தப்புன்னு சொல்லணும். பாவம்னு விட்டுடக் கூடாது."

அவர் போய் அறையின் முன்பக்கம் நின்றார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், 'ஹாரன் அடிக்காதீர்' என்ற பலகை தொங்கியது. யாரோ அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள். ஜன்னலம்மா மேஜையில் ஒரு உள்ளங்கையை வைத்து மூன்று தட்டுத் தட்டினார். நாலாவது இடத்தில் கை உயர்ந்து அப்படியே நின்றது. மறுபடி மூன்று. பிறகு பாடினார்.

குரல் நடுங்கியது. சுருதி இங்கும் அங்கும் நழுவிற்று. தன் குரலைத் தானே கேட்க முடியாத ஒருவர் இருட்டில் படி இறங்குவதைப் போலக் கால் வைத்துக் கால் வைத்துப் போனார். ஆனாலும் அது மாடிப்படிப் பாட்டு. ஏறுகிற இடத்தில் ஏறியது. தயங்குகிற இடத்தில் தயங்கியது. இந்த உலகத்தில் எந்த ஒலிபெருக்கியிலிருந்தும் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. யாரும் அவருக்குப் பாடிக் காட்டவில்லை. சனிக்கிழமை காலையில் ஒருத்தி எழுதியதைப் படித்துத் தன் தலைக்குள் இருந்ததை எடுத்து அவரே கட்டிக்கொண்ட பாட்டு, இப்போது அவர் வாய் வழியாக அறைக்குள் வந்துகொண்டிருந்தது. பல்லக்கா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரி அண்ணன் மேஜையின் மறுமுனையில் கையை வைத்து, ஜன்னலம்மாவின் தட்டோடு சேர்ந்து மெல்லத் தட்டினார். மரத்தின் வழியாக அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்து, நிறுத்தாமல், தலையசைத்துக்கொண்டே பாடினார்.

கடைசி வரியில்தான் வேறு பக்கம் போனார். மாஸ்டரின் பாட்டு அந்த இடத்தில் கீழே இறங்கி நின்றுவிடும். ஜன்னலம்மாவின் பாட்டு இறங்கவில்லை. மேலே போய், இன்னும் மேலே போய், கரைந்தது.

பாடி முடித்துவிட்டு எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்லக்கா எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினாள்.

"எல்லாம் சரியா இருக்கு. கடைசி மட்டும் வேற."

"எப்படி வேற?"

பல்லக்கா கையைக் காற்றில் வைத்து, படிப்படியாக இறக்கி, இடுப்பருகே நிறுத்திக் காட்டினாள். ஜன்னலம்மா யோசித்தார். படகுப் பாட்டின் பல்லவி முடிகிற மாதிரி என்றுதானே எழுதியிருந்தீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் பல்லக்காவுக்கு உறைத்தது. படகுப் பாட்டில் பல்லவி இரண்டு விதமாக முடியும், சரணத்துக்கு முன்னால் ஒரு தரம் கீழே, பாட்டின் கடைசியில் ஒரு தரம் மேலே. அவள் நினைத்து எழுதியது முதலாவதை. எழுத்தில் அதைச் சொல்லத் தவறிவிட்டாள். தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டாள்.

ஜன்னலம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. சரியானபடி இறங்கி முடிப்பதைத் தலைக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. கண்ணைத் திறந்ததும் முகத்தில் ஒரு குறும்பு.

"என்னோடதுதான் நல்லா இருக்கு" என்றார்.

அறையே வெடித்துச் சிரித்தது. மாஸ்டரை ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்கு வருகிற பேக்கரி அண்ணன், பன் கூடையை அவரிடம் நீட்டியபடி, எனக்கும் அப்படித்தான் தோணுது, வெளியில சொல்லிடாதீங்க என்று முணுமுணுத்தார். உதட்டைப் படித்துவிட்ட ஜன்னலம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பல்லக்கா மாடிப்படிப் பாட்டைப் போட்டுக் கேட்டாள். மாஸ்டர் எப்போதும் போலக் கீழே இறங்கி முடித்தார். அவள் மனசு மேலே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜன்னலம்மாவுக்காக ஒரு புதுப் பாட்டு கட்டுகிறார்கள். குழுவே சேர்ந்து துண்டு தேடுகிறது. முடிவு இரண்டு விதமாக இருந்தால் பல்லக்கா எந்த முடிவு என்று மறக்காமல் எழுதுகிறாள். எழுதிவிட்டு, இந்தத் தடவை அவர் எங்கே தப்புவார் என்று உள்ளுக்குள் ஆசையோடு காத்திருக்கிறாள். போன வாரம் ஜன்னலம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேலை செய்யும்போது தன்னை அறியாமல் சத்தமாகப் பாடிவிடுகிறாராம், பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து மேஜையைத் தட்டினாராம். திட்ட வருகிறார் என்று இவர் பயந்துபோனாராம். அவர் ஒரு தாளில் எழுதிக் கேட்டது, 'இது என்ன பாட்டு, எங்க கிடைக்கும்?'